இஞ்ச்டூத்தில்: நான்கே ஆண்டுகள் நின்ற ரோமப் படைத்தளம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் டே ஆற்றங்கரையில் ரோமர்கள் ஒரு பெரும் கோட்டையைக் கட்டத் தொடங்கி, கட்டி முடிக்கும் முன்பே தாங்களே பிரித்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ரோம வரலாறு படிப்பவர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

ஊர் பேரு இஞ்ச்டூத்தா, இஞ்ச்டூத்திலா? "இஞ்ச்டூத்தில்னு ஒரு இடத்தில்"னு எழுதினா குழப்பமா இருக்கே?

பெயரே இஞ்ச்டூத்தில் தான். கடைசியில் இருக்கும் "இல்" நம் வேற்றுமை உருபு இல்லை, பெயரின் பகுதி. அதனால் தமிழில் எழுதும்போது "இஞ்ச்டூத்திலில்", "இஞ்ச்டூத்திலின்" என்றுதான் வரும். காதுக்குக் கொஞ்சம் நெருடும். ஆனால் "இஞ்ச்டூத்தின் கோட்டை" என்று எழுதினால் பெயர் தவறிவிடும்.

"இஞ்ச்" என்பது ஸ்காட்லாந்தின் பல ஊர்ப் பெயர்களில் வரும் கேலிக் சொல். தீவு என்றும், ஆற்றை ஒட்டிய மேட்டு நிலம் என்றும் பொருள்படும். கோட்டை நின்ற இடமும் அப்படித்தான் இருக்கிறது: சுற்றிலும் தாழ்ந்த நிலம், நடுவில் தட்டையான ஒரு மேடு.

இது எங்க இருக்கு?

ஸ்காட்லாந்தின் பெர்த் வட்டாரத்தில், டே ஆற்றின் வடகரையில். டன்கெல்டு என்ற சிற்றூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 11 கி.மீ. டே ஆறு மேட்டுநில மலைகளை விட்டு வெளியே வந்து, அகன்ற சமவெளியில் இறங்கும் வாய்ப்பகுதி இது. ஆறு காலப்போக்கில் தடம் மாறியிருக்கிறது. ஆகவே இன்றைய வரைபடத்தில் ஆறு இருக்கும் இடத்தை வைத்துக் கோட்டையின் அன்றைய சூழலைக் கணக்கிடக் கூடாது.

எப்போ கட்டினாங்க, எப்போ விட்டாங்க?

கி.பி. 82 அல்லது 83இல் வேலை தொடங்கியிருக்க வேண்டும். 86 முடிவிலோ 87 தொடக்கத்திலோ கைவிட்டார்கள். மொத்தம் நான்கு ஆண்டுகள், கூடவோ குறையவோ.

இவ்வளவு துல்லியமா வருஷம் எப்படிச் சொல்ல முடியுது? கல்வெட்டு ஏதாச்சும் இருக்கா?

ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. முடிவு ஆண்டைச் சொல்வது காசுகள். பேரரசர் டொமிஷியன் தன் காசுகளில் எத்தனையாவது முறை கான்சல் (ரோமின் உயர்ந்த ஆண்டுப் பதவி) பதவி வகிக்கிறார் என்று பொறித்துக்கொண்டே வந்தார். 85இல் 11ஆம் முறை, 86இல் 12ஆம் முறை, 87இல் 13ஆம் முறை. எனவே ஒரு செப்புக் காசைக் கையில் எடுத்தால் அது எந்த ஆண்டு அச்சானது என்று சொல்லிவிடலாம்.

இஞ்ச்டூத்திலிலும் அதைச் சுற்றியுள்ள சமகாலக் கோட்டைகளிலும் 86ஆம் ஆண்டின் செப்புக் காசுகள், தேய்மானமே இல்லாமல், புதிதாக அச்சிட்டதுபோலக் கிடைத்தன. அதாவது கைமாறிப் புழங்க நேரம் கிடைக்கும் முன்பே தொலைந்துவிட்டன. 87ஆம் ஆண்டின் காசுகளோ பிரிட்டனின் தென்பகுதியில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஃபோர்த் ஆற்றுக்கு வடக்கே இருந்த இந்தத் தளங்களில் ஒன்றுகூட இல்லை. ஒரு காசு இருப்பது ஒரு சான்று என்றால், இன்னொரு காசு இல்லாமல் இருப்பதும் சான்றுதான். ஆனால் "இல்லை" என்ற சான்றை ஒரே தளத்தை மட்டும் வைத்து எடுத்துக்கொள்ள முடியாது. பல தளங்களில் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பதுதான் இங்கே வலு.

கோட்டைன்னா எவ்வளவு பெரிசு? ரோமர்கள் ராத்திரி தங்க அடிக்கிற முகாம் மாதிரியா?

மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடைப்பயணத்தின்போது ஓரிரு இரவுக்கு மண்ணைத் தோண்டி அமைப்பது முகாம்; உள்ளே கூடாரங்கள்தான். 500 முதல் 1,000 துணைப்படை வீரர்கள் நிலையாகத் தங்குவது சிறு கோட்டை. ஒன்றிரண்டு ஹெக்டேர் இருக்கும். ரோமரின் முதன்மைப் படைப்பிரிவான லீஜியன் ஒன்று முழுதாகக் குடியிருப்பது லீஜியன் கோட்டை. இஞ்ச்டூத்தில் மூன்றாவது வகை.

பரப்பு ஏறத்தாழ 21.5 ஹெக்டேர், நம் கணக்கில் 53 ஏக்கர். கிட்டத்தட்டச் சதுரம், ஒரு பக்கம் சுமார் 460 மீட்டர். சுற்றுச்சுவரை ஒரு சுற்று நடந்தால் 1.8 கி.மீ.க்கு மேல். பேரரசின் வடகோடியில், எதிரி நிலத்தின் விளிம்பில், ஒரு ஊரையே எழுப்ப முனைந்திருக்கிறார்கள். ரோமப் பேரரசில் இதற்கு வடக்கே வேறு லீஜியன் கோட்டை இல்லை.

உள்ளே எத்தனை பேர் இருந்தாங்க? எந்தப் படை?

ஒரு லீஜியனுக்கு ஏட்டளவில் 5,000 பேருக்குச் சற்று மேல். இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதற்கு இஞ்ச்டூத்திலே முக்கியச் சான்று. லீஜியனில் 10 கோஹார்ட்டுகள். ஒரு கோஹார்ட்டுக்கு 6 செஞ்சுரிகள், செஞ்சுரிக்கு 80 பேர் (பெயர் நூறைக் குறித்தாலும் ஆள் 80தான்). முதல் கோஹார்ட் மட்டும் தனி: 5 செஞ்சுரிகள், ஒவ்வொன்றும் இரட்டிப்பு அளவு. பழைய எழுத்துகள் இதைச் சொன்னாலும் தரையில் தெளிவாகக் காட்டியது இந்தத் தளம்தான். இங்கே 64 வீரர் குடியிருப்புகள் கண்டறியப்பட்டன. 9 கோஹார்ட்டுகளுக்கு 6 வீதம் 54, முதல் கோஹார்ட்டுக்கு மட்டும் 10. அந்தப் பத்தின் முனையில் செஞ்சுரியன்களுக்கு (செஞ்சுரித் தலைவர்களுக்கு) ஐந்து பெரிய வீடுகள். தலைமையகத்தை ஒட்டி, மதிப்பான இடத்தில்.

எந்த லீஜியன் என்பது ஊகம். ஆனால் நல்ல ஊகம். அப்போது பிரிட்டனில் நான்கு லீஜியன்கள் இருந்தன. இரண்டாம் அகஸ்டா கயர்லியனிலும், ஒன்பதாம் ஹிஸ்பானா யார்க்கிலும், இரண்டாம் அட்யூட்ரிக்ஸ் செஸ்டரிலும். மீதி இருப்பது 20ஆம் லீஜியன் வலேரியா விக்ட்ரிக்ஸ். எனவே பெரும்பாலோர் அதையே சொல்கிறார்கள். யாராவது "20ஆம் லீஜியனின் முத்திரை அங்கே கிடைத்தது" என்றால் நம்ப வேண்டாம்.

எதனால கட்டினாங்க? ரோமர்னா கல்லுதானே?

இந்தக் காலக்கட்டத்தில் எல்லைக் கோட்டைகளின் உள்கட்டடங்கள் பெரும்பாலும் மரம். நீளவாட்டில் குழி வெட்டி, அதில் தூண்களை வரிசையாக நிறுத்தி, மண்ணைப் போட்டு இறுக்குவார்கள். தூண்களுக்கு இடையே குச்சிகளை முடைந்து களிமண் பூசினால் சுவர். அரண் முதலில் புல்கட்டிகளாலானது. வேரோடு சதுரமாக வெட்டியெடுத்த புல்தரையைச் செங்கல் போல அடுக்கி எழுப்பிய மதில் அது. அதன் முன்னால் அகழி.

இஞ்ச்டூத்திலின் தனித்தன்மை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. புல்கட்டி மதிலின் முகப்பை வெட்டி, அதற்கு முன்னால் சுமார் 1.5 மீட்டர் தடிமனில் கற்சுவர் கட்டினார்கள். கல், வடக்கே சுமார் 3 கி.மீ. தொலைவிலுள்ள கோர்டி குன்றிலிருந்து வந்தது. முழுச் சுற்றுக்கும் கல் வெட்டி, வண்டியில் ஏற்றி, முகம் செதுக்கி அடுக்குவது சில மாத வேலைக்கு வந்தவர்கள் செய்கிற காரியமில்லை. நிரந்தரமாக இருக்கும் எண்ணத்தோடுதான் வந்தார்கள் என்பதற்கு இந்தச் சுவரைவிட நல்ல சான்று கிடையாது.

மரம்னா மக்கிப் போயிருக்குமே! 1,900 வருஷம் கழிச்சு எந்த அறை எங்க இருந்ததுன்னு எப்படி வரைபடம் போட்டாங்க?

மரம் மக்கிவிடும், ஆனால் மரத்துக்காக வெட்டிய குழி மக்காது. தோண்டிய மண்ணைத் திரும்பப் போட்டாலும் அது பழைய இறுக்கத்துக்கும் நிறத்துக்கும் வராது. மேல்மண்ணைக் கவனமாகச் சுரண்டினால் கருத்த கோடுகளாகத் தெரியும். கோடை வறட்சியில் வயலில் பயிர் வளர்வதிலும் வித்தியாசம் வரும். குழியில் ஈரம் தங்குவதால் அங்கே பயிர் உயரமாகவும் பச்சையாகவும் நிற்கும். விமானத்திலிருந்து பார்த்தால் தெருவும் குடியிருப்பும் வரிசையாகத் தெரியும்.

1901இல் ஜான் ஆபர்குரோம்பி முதலில் தோண்டினார். முறையான பெரிய அகழாய்வு 1952 முதல் 1965 வரை, ஆண்டுதோறும் கோடையில் நடந்தது. இயன் ரிச்மண்ட், ஜே. கே. செயின்ட் ஜோசப் இருவரும் நடத்தினார்கள். பின்னவர் வான்வழிப் படமெடுப்பில் முன்னோடி. அவர்கள் 53 ஏக்கரையும் தோண்டிவிடவில்லை. குறுகிய நீள் குழிகளைத் தேர்ந்த இடங்களில் வெட்டி, சுவர்க்கோடுகளை மறித்துப் பார்த்து, இடையில் உள்ளதைக் கணித்தார்கள். ரோமக் கட்டடங்கள் நேர்க்கோட்டில், ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வருவதால் இந்த முறை இங்கே எடுபட்டது. எங்கே பிசகும் என்றால், கட்டடம் ஒழுங்கு மாறும் இடத்தில். வரைபடத்தில் நேர்த்தியாகத் தெரியும் எல்லாக் கோடுகளும் நேரில் பார்த்தவை அல்ல என்பதை நினைவில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். ரிச்மண்ட் 1965இல் இறந்தார். முழு அறிக்கை வெளிவந்தது 1985இல்தான்.

யார்க், செஸ்டர் எல்லாம் இருக்கும்போது இதுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

யார்க்கும் செஸ்டரும் இன்றும் வாழும் நகரங்கள். ரோமக் கோட்டையின் மேல் இடைக்கால நகரம், அதன் மேல் தேவாலயம், கடைத்தெரு, கழிவுநீர்க் குழாய். அங்கே ஒரு வீட்டு அடித்தளம் தோண்டும்போது ஒரு மூலை தெரியும், அவ்வளவுதான். இஞ்ச்டூத்திலின் மேல் அதற்குப் பிறகு ஊரே எழவில்லை. நிலம் வயலாகவும் புல்தரையாகவும் கிடந்தது. நான்கே ஆண்டுகள் இருந்ததால் ரோமர்களே அதை மாற்றிக் கட்டிக் குழப்பவும் இல்லை. ஒரு லீஜியன் கோட்டை முதல் நாளில் எப்படித் திட்டமிடப்பட்டதோ அந்த அமைப்பு, பின்னால் யார் கையும் படாமல், அப்படியே மண்ணுக்குள் இருந்தது. லீஜியன் கோட்டை பற்றிய பாடநூல் படங்களில் பலவற்றை இந்தத் தளத்தைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள்.

உள்ளே என்னென்ன கட்டடம் இருந்தது?

64 குடியிருப்புகளை மேலே பார்த்தோம். நடுவில் தலைமையகம், ரோமர் மொழியில் பிரின்சிபியா. முதன்மைத் தெருக்களின் ஓரமாகக் கடைபோல வரிசையான சேமிப்பறைகள். சதுர முற்றத்தைச் சுற்றி, ஒரு பக்கம் சுமார் 60 மீட்டர் அளவில், ஒரு பெரிய பட்டறை. கொல்லர், தச்சர் வேலை அங்கே. பயிற்சிக்கூடம் ஒன்று. தானியக் களஞ்சியங்கள் ஆறு.

தனியாகச் சொல்ல வேண்டியது மருத்துவமனை. சுமார் 90 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 60 நோயறைகள். வரிசை வரிசையாக அறைகள், நடுவில் சுற்றிவரும் தாழ்வாரம். அறைகள் தாழ்வாரத்தில் நேரடியாகத் திறக்காமல் சிறு முன்னறை வழியாகத் திறக்கும்படி இருந்ததால் சத்தமும் காற்றும் நேராக உள்ளே வராது. குளிர் மிகுந்த எல்லையில், போருக்குப் போகும் படைக்கு, தளபதியின் வீட்டுக்கு முன்பாகவே மருத்துவமனையைக் கட்டி முடித்திருக்கிறார்கள். முன்னுரிமை எதற்கு என்பதைச் சொல்ல இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கட்டி முடிக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க? அழிஞ்சு போயிருக்கலாமே?

அழிந்திருந்தால் குழியாவது இருக்கும். லீஜியன் தளபதியின் மாளிகைக்கு ஒதுக்கிய இடம் சமப்படுத்தப்பட்டுக் கிடந்தது; தூண்குழி ஒன்றுகூட இல்லை. ட்ரிபியூன்கள் எனப்படும் மேலதிகாரிகள் ஆறு பேருக்கு வீடு வேண்டும், நான்குதான் எழும்பியிருந்தன. மதிலுக்குள் பெரிய குளியலகம் தொடங்கப்படவே இல்லை. தலைமையகமோ ஒரு லீஜியனுக்கு ஒவ்வாத அளவுக்குச் சிறியது, பக்கத்துக்கு 45 மீட்டர் அளவுதான். சுற்றிலும் காலி இடம் விட்டிருந்தார்கள். பிறகு பெரிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று தற்காலிகமாக எழுப்பியது என்பதே பொதுவான கருத்து.

மதிலுக்கு வெளியே, மேட்டின் மேலேயே, கட்டுமான காலத்துக்கான தனி வளாகங்களும் இருந்தன: வேலையாட்களின் முகாம்கள், பொருட்கிடங்கு, அதிகாரிகள் தற்காலிகமாகத் தங்கச் சிறு குளியலகத்தோடு கூடிய ஓர் இடம்.

ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு? பக்கத்துல விவசாயம் இருந்ததா?

ஒரு வீரருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கோதுமை என்பது வழக்கமான கணக்கு. 5,000 பேருக்கு நாளைக்கு 5 டன், ஆண்டுக்கு 1,800 டன். குதிரைக்கும் பொதிமாட்டுக்கும் வேண்டியது தனி. இதைச் சுற்றுவட்டாரத்திலிருந்து மட்டும் திரட்டுவது கடினம். தெற்கிலிருந்து சாலை வழியாகவும் கடல் வழியாகவும் வந்தாக வேண்டும்.

வந்த தானியத்தைக் காப்பதுதான் பெரிய சிக்கல். ஸ்காட்லாந்தின் ஈரத்தில் தரையில் கொட்டினால் ஒரு மழைக்காலத்தில் முளைவிட்டுப் பூஞ்சை பிடிக்கும். அதனால் களஞ்சியத்தின் தளத்தை நெருக்கமான சிறு தூண்வரிசைகளின் மேல் தரையை விட்டு உயர்த்தினார்கள். கீழே காற்று ஓடும், ஈரம் ஏறாது, எலிக்கும் எளிதில் வழியில்லை. நம் ஊரில் நெல் சேமிக்கும் குதிர்களைக் கால்வைத்து மேடையில் நிறுத்துவதும் இதே அறிவுதான். அகழாய்வில் நெருக்கமான இணைகோடுகள் தெரிந்தால் அது களஞ்சியம் என்று உடனே சொல்லிவிடலாம்.

ரொட்டி சுடும் அடுப்புகள் குடியிருப்புகளுக்குள் இல்லை, மதிலின் உள்பக்கத்தை ஒட்டி வரிசையாக இருந்தன. மரவீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் தீயை ஓரமாக வைத்தாக வேண்டும்.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தாங்க?

மேட்டுநிலப் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றும் சமவெளியில் திறக்கும் வாயில் ஒரு துணைப்படைக் கோட்டை: ட்ரம்குவாசில், மாலிங், போகாஸில், டால்ஜின்ராஸ், ஃபெண்டாக். வடகிழக்கே கார்டியன், அதற்கும் அப்பால் ஸ்ட்ராகாத்ரோ. டே பள்ளத்தாக்கு இவற்றில் பெரிது. அதன் வாயில் லீஜியனே உட்கார்ந்தது. பின்னால், தெற்கே, காஸ்க் மேட்டின் நெடுகக் காவல் கோபுர வரிசை.

இந்த வாயில் கோட்டைகள் எதற்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலையிலிருந்து இறங்கும் கலிடோனியர்களை (வடக்கே வாழ்ந்த பழங்குடிகளை) தடுக்கும் அடைப்பு என்பார்கள் சிலர். மலைக்குள் ஏறிச் செல்லப் பாய்ச்சல் பலகை என்பார்கள் வேறு சிலர். ஒரு லீஜியனையே அங்கே வைத்ததைப் பார்த்தால் இரண்டாவது கருத்தே பொருந்துகிறது. தடுப்பதற்கு மட்டும் என்றால் லீஜியனைப் பின்னால் வைத்துத் துணைப்படையை முன்னால் நிறுத்துவதுதான் ரோமர் வழக்கம்.

அக்ரிகோலா கட்டினதுதானே? டாசிடஸ் எழுதியிருக்காரே?

ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் தன் மாமனாரான பிரிட்டன் ஆளுநர் அக்ரிகோலாவின் வாழ்க்கையை எழுதினார். அதில் கலிடோனியர்களோடு நடந்த மோன்ஸ் கிரௌபியஸ் போர் (83 அல்லது 84) விரிவாக வருகிறது. இந்தக் கோட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காலம் பொருந்துவதால் அக்ரிகோலாவின் ஆட்சியில் தொடங்கியது என்கிறோம். அவர் ரோமுக்கு அழைக்கப்பட்டது 84 வாக்கில். ஆக, கோட்டையின் பாதி வாழ்நாள் அவருக்குப் பின் வந்த ஆளுநரின் கீழ்தான் கழிந்தது.

டாசிடஸை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்று இன்றைய இங்கிலாந்தின் வடக்கிலுள்ள கார்லைல். அங்குள்ள ரோமக் கோட்டையின் மரங்கள் 72-73 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று மரவளைய ஆய்வு காட்டுகிறது. அக்ரிகோலா ஆளுநராக வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரோமர்கள் அவ்வளவு வடக்கே வந்துவிட்டார்கள். மருமகன் மாமனாருக்கு முழுப் புகழையும் சேர்த்துவிட்டார்.

அப்போ கலிடோனியர்கள் அடிச்சுத் துரத்திட்டாங்களா?

இல்லை. தாக்குதலில் விழுந்த கோட்டை என்றால் கரியும், சிதறிய ஆயுதமும், மனித எலும்பும் இருக்கும். இங்கே இருப்பது நிதானமாக வேலை செய்து கலைத்த தடயம்.

காரணம் 2,000 கி.மீ.க்கு அப்பால், தன்யூப் ஆற்றங்கரையில். 85இல் டாசியர்கள் ஆற்றைக் கடந்து மீசியா மாகாணத்தில் புகுந்து ஆளுநர் ஒப்பியஸ் சபீனஸைக் கொன்றார்கள். பதிலடிக்குப் போன கொர்னேலியஸ் ஃபஸ்கஸின் படையும் அழிந்தது, அவரும் மடிந்தார். டொமிஷியனுக்கு உடனே ஆள் வேண்டும். பிரிட்டனிலிருந்து இரண்டாம் அட்யூட்ரிக்ஸ் லீஜியனைப் பெயர்த்தெடுத்தார். அதனால் செஸ்டர் காலியாகியது. நான்கு லீஜியன் பிடித்த நாட்டை மூன்றால் பிடிக்க வேண்டுமென்றால் வடகோடியை விட்டுத்தான் ஆக வேண்டும். 20ஆம் லீஜியன் செஸ்டருக்கு இறங்கியது. பிரிட்டன் முழுதும் அடக்கப்பட்டது, அடக்கியதுமே கைநழுவ விடப்பட்டது என்று டாசிடஸ் வேறொரு நூலில் மனம் கசந்து எழுதியது இதைத்தான்.

எப்படி இடிச்சாங்க? சும்மா விட்டுட்டுப் போயிருக்கலாமே?

விட்டுவிட்டுப் போனால் எதிரிக்கு ஆயத்தமான கோட்டை கிடைக்கும். அதனால் பிரித்தார்கள். மரச்சட்டங்களைப் பிடுங்கினார்கள், பிடுங்கும்போது வளைந்த ஆணிகள் அங்கங்கே தரையில் சிதறிக் கிடந்தன. புதிதாகக் கட்டிய கற்சுவரை இடித்தார்கள். கிடங்கில் பயன்படுத்தாமல் இருந்த மண்பாத்திரங்களையும் கண்ணாடிக் கலங்களையும் தெருவோரச் சாக்கடையில் போட்டு, துண்டு துண்டாகும்வரை மிதித்து நொறுக்கினார்கள். அந்தச் சில்லுகள் அதே சாக்கடையில் அப்படியே கிடைத்தன. வடிகால்களில் சரளைக் கல்லைக் கொட்டி அடைத்தார்கள். உடைக்க முடியாத ஒன்றுதான் மிச்சம். அதற்குத்தான் அடுத்த கேள்வி.

லட்சக்கணக்கில் ஆணி கிடைச்சதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. பட்டறையின் தரைக்கு அடியில் சுமார் 3.6 மீட்டர் ஆழக் குழி. மேலே ஏறத்தாழ 2 மீட்டர் சரளை மண். கீழே 8,75,000க்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகள், எடை 7 டன்னுக்கு மேல். சில வண்டிச் சக்கரங்களின் இரும்புப் பட்டைகளும் கூடவே கிடந்தன. கண்டெடுத்தது 1960-61 அகழாய்வில்.

எல்லாம் கையால் அடித்தவை, சதுரத் தண்டு. நீளம் 5 செ.மீ. முதல் 40 செ.மீ. வரை. சிறியவை மட்டும் 7,63,840, நடுத்தரம் 85,128, பெரியவை 25,088, மிகப் பெரியவை 1,344. இந்த விகிதமே ஒரு பாடம். பலகையும் கூரைச் சில்லும் அடிக்கச் சிறியவை நிறைய வேண்டும். கனத்த உத்தரங்களைப் பிணைக்கப் பெரியவை கொஞ்சம் போதும். பல பரிமாணங்களில் தரம் பிரித்து அடிக்கப்பட்டிருப்பதால் தேவையைக் கணித்து மொத்தமாகத் தயாரித்தார்கள் என்று தெரிகிறது.

இரும்பு விலை உயர்ந்ததாச்சே, எடுத்துட்டுப் போயிருக்கலாமே?

ஒரு மாட்டுவண்டிக்கு அரை டன் என்று வைத்தாலும் 14 வண்டிக்கு மேல் வேண்டும். கிளம்பும் லீஜியனுக்குக் கருவி, தானியம், நோயாளி, கல்லும் அம்பும் எறியும் பொறிகள் என்று ஏற்ற எவ்வளவோ உண்டு. செஸ்டரில் ஏற்கெனவே கோட்டை நிற்கிறது, அங்கே ஆணிக்கு அவசரமில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போனாலோ 7 டன் இரும்பு கலிடோனியக் கொல்லர் கையில் வாளாகவும் ஈட்டிமுனையாகவும் மாறும். உருக்கி அழிக்க நேரமில்லை. புதைப்பதுதான் வழி. குழியை மூடி, தரையைச் சமன்செய்து, மேலிருந்த பட்டறையையும் பிரித்துவிட்டதால் இடம் யாருக்கும் தெரியவில்லை. ரோமர் போன பிறகு உள்ளூர்க்காரர்கள் கோட்டைக் கற்களை எடுத்து மேட்டின் முனையில் தங்கள் சொந்த அரணைக் கட்டினார்கள். கல்லை எடுத்தவர்கள் ஆணியைக் கண்டுபிடிக்கவில்லை.

ஈர மண்ணுல 1,900 வருஷம் துரு பிடிக்காம எப்படி இருந்தது?

துருப்பிடித்தது, ஆனால் வெளிப்புறத்தில் மட்டும். குவியலின் மேலும் ஓரங்களிலும் இருந்த ஆணிகள் நீரோடு வந்த ஆக்சிஜனை முழுக்க எடுத்துக்கொண்டு ஒரே கட்டியான துரு ஓடாக இறுகிவிட்டன. அந்த ஓட்டைத் தாண்டி ஆக்சிஜன் உள்ளே போகவில்லை. நடுவில் இருந்தவை சில நேற்று அடித்ததுபோல இருந்தன. ஒரே ஒரு ஆணியைத் தனியாகப் புதைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது, அளவுதான் காப்பாற்றியது.

அணுக்கழிவை இரும்புக் கலங்களில் அடைத்துப் புதைத்தால் பல நூற்றாண்டுகளில் என்ன ஆகும் என்று ஆராய்பவர்கள் இந்த ஆணிகளை எடுத்துப் படித்தார்கள். ஆய்வகத்தில் 1,900 ஆண்டு சோதனை நடத்த முடியாதல்லவா.

ரோமர்கள் இதை என்ன பேர்ல கூப்பிட்டாங்க? "பினாட்டா காஸ்ட்ரா"ன்னு போட்டிருக்கே?

பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் நூலில் "இறக்கை முளைத்த பாசறை" என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் வருகிறது. பினாட்டா காஸ்ட்ரா அதன் லத்தீன் வடிவம். மதில் முகடுகளைக் குறிப்பதாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால் தாலமி கொடுக்கும் இடக்குறிப்பு இதைவிட வெகு வடக்கே, மோரே விரிகுடாப் பக்கம் போகிறது. அவர் வரைபடத்தில் ஸ்காட்லாந்தே கிழக்காகத் திரும்பிக் கிடக்கிறது என்பதால் அதைத் தவறென்று ஒதுக்கிப் பலர் இங்கே பொருத்துகிறார்கள். விக்டோரியா என்ற பெயரை முன்வைப்பவர்களும் உண்டு. "இருக்கலாம்" என்று எழுதினால் சரி, "இதுதான்" என்று எழுதினால் தவறு.

பக்கத்துல இருக்கற கிளீவன் டைக்கும் ரோமர் அரண்தானா?

பழைய நூல்களில் அப்படித்தான் இருக்கும். கிழக்கே சில கிலோமீட்டரில், காட்டுக்குள் 2 கி.மீ. நீளத்துக்கு ஓடும் மண்மேடு அது. இருபுறமும் வெகு தள்ளி பள்ளங்கள். ரோமரின் எல்லைக்கோடு என்று நெடுநாள் நம்பினார்கள். 1990களின் ஆய்வில் அது புதிய கற்காலத்தது என்று தெரிந்தது. லீஜியன் அங்கே வரும்போதே அதற்கு 3,000 வயதுக்கு மேல். இதைச் சேர்த்துப் போட்ட வரைபடம் உங்களிடம் இருந்தால் அந்தப் பகுதியைத் தள்ளிவிடுங்கள்.

நம்ம ஊரோட ஏதாவது தொடர்பு உண்டா?

இஞ்ச்டூத்திலோடு நேரடியாக இல்லை. அதே எல்லைப் படையோடு உண்டு. 85 வாக்கில் தொடங்கிய விண்டோலாண்டா கோட்டை இங்கிருந்து தெற்கே, இன்றைய இங்கிலாந்தின் வடக்கில் இருக்கிறது. அங்கே கிடைத்த மெல்லிய மர ஏடுகளில் ஒரு கணக்குக் குறிப்பு உள்ளது: படைவீரர் ஒருவர் பெயரில் மிளகு, இரண்டு தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு). அந்தக் கருமிளகு விளைந்தது சேரநாட்டு மலைகளில். முசிறித் துறையிலிருந்து யவனர் கலத்தில் ஏறியது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய அந்தக் கலங்களைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன.

இப்போ போய்ப் பார்க்கலாமா? ஆணி ஒண்ணு கிடைக்குமா?

நிலம் தனியாருடையது. நடந்து போய்ப் பார்க்கலாம். வேலிகளையும் கால்நடைகளையும் மதித்து நடக்க வேண்டும். கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கிழக்குப் பக்கத்தில் மதிலும் அகழியும் மெல்லிய மேடு பள்ளமாகத் தெரியும். வெயில் சாய்ந்து நிழல் நீளும் நேரம்தான் ஏற்றது. உச்சி வெயிலில் வெறும் புல்வெளிதான் தெரியும். மேட்டின் அளவைக் காலால் நடந்து உணர்வதே அங்கே போவதன் பயன். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் என்பதால் அனுமதியின்றி உலோகங்காட்டிக் கருவியைப் பயன்படுத்துவது குற்றம்.

ஆணிகளை எடின்பரோவிலுள்ள தேசிய அருங்காட்சியகம் உட்படப் பல இடங்களில் காணலாம். அறுபதுகளில் ஒரு ஸ்காட்டிஷ் உருக்கு நிறுவனம் அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுத்ததுபோக மீதியைப் பொதுமக்களுக்கு விற்றது. அதனால் இன்றும் பழம்பொருள் சந்தையில் சட்டப்படியே கைமாறுகின்றன. வாங்குவதானால் அந்த அறுபதுகளின் பெட்டியோ சான்றுத் தாளோ கூட இருக்கிறதா என்று பாருங்கள். சதுரத் தண்டுள்ள பழைய ஆணி எதை வேண்டுமானாலும் ரோம ஆணி என்று விற்கலாம். கண்ணால் பார்த்து வேறுபடுத்துவது எளிதல்ல.

ரோமர்கள் திரும்பி வந்தாங்களா?

வந்தார்கள், ஆனால் இந்த மேட்டுக்கு இல்லை. 122இல் ஹேட்ரியன் சுவர் வெகு தெற்கே எழுந்தது. 142 வாக்கில் அந்தோனைன் சுவருக்காக ஃபோர்த்-கிளைடு இடுக்கு வரை ஏறினார்கள். அதுவும் ஒரு தலைமுறைக்குள் முடிந்தது. 208 முதல் 211 வரை பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் தாமே படையோடு வந்தபோது, அதே டே ஆற்றின் கீழ்ப்பகுதியில், கப்பல் வந்து நிற்கக்கூடிய கார்ப்போவில் தளம் அமைத்தார்கள். இந்த முறை முதன்மைக் கட்டடங்களைக் கல்லிலேயே கட்டினார்கள். செவரஸ் 211இல் யார்க்கில் இறந்தார். கார்ப்போவும் சில ஆண்டுகளில் காலியானது.